பாட்டியின் கதையும் பாட்டனின் பிரம்பும்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர், அவர்தம் குலப்பெருமையையும் குடிச்சிறப்பையும் முதற்கண் எடுத்துக் கூறுதல் மரபு. ஆயின், எடுத்துக் கூறுதற்குரிய குடிச்சிறப்பு யாதும் இன்றி, கூறப் புகுந்தால் நாணத்தக்க செய்திகளே மலிந்து கிடந்த ஒரு வீட்டில் வளர்ந்த ஒருவர், அவ்வீட்டின் கதையையே ஒளிவு மறைவின்றி எழுதி உலகப் புகழ் பெற்றார். அவரே ருஷிய நாட்டு எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கி. தொ. மு. சி. ரகுநாதன் தமிழில் மொழிபெயர்த்த ‘தாய்’ என்னும் நவீனத்தின் வாயிலாக அவர் பெயரை நம்மவர் பலர் அறிவர். அந்நவீனத்தை எழுதிய கை எந்த வீட்டில், எந்த வீதியில், எவரிடத்தில் பயின்றது என்பதை அறிந்தோர் அத்துணைப் பலர் அல்லர். அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோர்க்கி என்பது அவர் பின்னாளில் தாமே சூடிக்கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் அலெக்சி. குடும்பப் பெயர் பெஷ்கொவ். அவர் 1868ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் திகதி நிஷ்னி நொவ்கொரொட் என்னும் நகரிற் பிறந்தார். வொல்கா என்னும் பெருநதியும் ஒக்கா என்னும் அதன் துணைநதியும் கலக்குமிடத்தில் அமைந்தது அந்நகரம். குன்றின்மேற் பழைய கோட்டையும் கோவில்களும் வர்த்தகர் மாளிகைகளும் விளங்கின. ஒக்காவின் மறுகரையிலே, ஆண்டுதோறும் கோடைகாலத்திற் கூடும் பெருஞ்சந்தை இருந்தது. 1817இல் அவ்விடத்தில் நிறுவப்பட்ட அச்சந்தைக்கு ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பண்டங்கள் வந்து குவிந்தன. அதனை அடுத்துக் கூலியாட்களும் ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த குனாவினோ என்னும் புறநகர் கிடந்தது. அதற்கப்பால், 1849இல் தொடங்கப்பட்ட சோர்மோவோ இயந்திரத் தொழிற்சாலையின் புகைபோக்கிகள் நின்றன. மேட்டிற் செல்வமும் பள்ளத்தில் உழைப்புமாக அமைந்த அந்நகரத்திலே, நம் வரலாற்றுத் தலைவர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறங்கியே வளர்ந்தார்.

தந்தையார் மாக்சிம், தச்சுத் தொழில் கற்றவர். பின்னர் வொல்காவின் முகத்துவாரத்தை அடுத்த அஸ்திரகான் நகரில் நீராவிக் கப்பற் கந்தோர் ஒன்றன் பொறுப்பாளராயினார். 1871ஆம் ஆண்டு அந்நகரிலே வாந்திபேதி பரவிற்று. முதலில் நோய்ப்பட்டவன் சிறுவன் அலெக்சி. இரவு பகலாக அவனைப் பேணிய தந்தையார் அவனைப் பிழைப்பித்துத் தாம் அந்நோய்க்கு இரையாயினார். மகனுக்கு அப்பொழுது வயது மூன்று. கைம்பெண்ணான தாய் வர்வாரா, மகனோடு தன் பிறந்தகம் நோக்கிப் புறப்பட்டாள். துணைக்கு வந்தவர் அவளுடைய தாயார் அக்குலினா இவானொவ்னா. நீராவிக் கப்பல் பல நாளாக வொல்காவில் மேல்நோக்கிச் சென்றது. அக்கப்பலின் மேற்றளத்திலே, கரையோரத்துக் காடுகளையும் கோவில்களையும் காட்டிக்கொண்டு, பாட்டியார் பேரனுக்கு முதற் கதையைச் சொன்னார். கோர்க்கியின் கல்வி அன்று தொடங்கிற்று என்றே கூறலாம்.

அந்தப் பாட்டியார் எழுத்தறியாதவர். கை ஊனமுற்று, ரேந்தை பின்னியும் பிச்சையேற்றும் பிழைத்த ஒரு பெண்ணின் மகளாய்ப் பிறந்து, சிறுவயதிலே தாயோடு ஊரூராய் இரந்து திரிந்தவர். பின்னர் ரேந்தை பின்னுவதில் தாமும் கைதேர்ந்தவர். கல்வி இல்லை, பொருள் இல்லை. ஆயினும், கதைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. நல்ல திருடர் கதை, துறவியர் கதை, பேய்க்கதை, கன்னிமாதாவின் கதை எனச் செய்யுளாகவும் உரையாகவும் எண்ணற்ற கதைகள் அவர் நெஞ்சில் நிறைந்து கிடந்தன. சொல்லும்போது முன்னே குனிந்து, பேரனின் கண்ணுள் தம் கண்ணை நிறுத்தி, இசைபோன்ற தாழ்ந்த குரலிற் சொல்வார். கப்பலிற் கூலிகளும் மாலுமிகளும் சூழ்ந்து நின்று, இன்னும் ஒன்று சொல்லுமாறு வேண்டுவராம்.

பாட்டனார் வசீலி கஷிரின் என்பவர் இதற்கு முற்றும் மாறானவர். இளமையில் வொல்கா நதியிற் படகிழுக்கும் கூலியாய் இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வருமுன், சுமையேற்றிய பெரும்படகுகளை மனிதரே கரையோரமாய் நின்று வடம்பூட்டி நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தனர். அவ்வாறு இழுத்து, வெயிலில் உருகி, மணலிற் கால் புதைய நடந்து, சிறிது சிறிதாகப் பொருள் சேர்த்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றுக்கு உரியவராயினார். சாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். தம் முதுகெலும்பால் உயர்ந்தவர் என்னும் பெருமை அவருக்குண்டு. அப்பெருமையோடு கடுமையும் உலோபமும் கூடி வளர்ந்தன. வறுமையை வென்றவர் எல்லாரும் வறியவர்பால் இரக்கங்கொள்வர் என்பது நியதியன்று.

அவ்வீட்டில் மாமன்மார் இருவர், மிகாயில், யாக்கொவ் என்போர், தந்தையின் சொத்தைத் தம்முள் உடனே பிரித்துத் தருமாறு நாடோறும் சச்சரவிட்டனர். உணவு மேசையிலேயே கைகலந்து புரண்டனர். கைம்பெண்ணாய் வந்த தங்கை, சீதனம் கேட்க வந்தனளோ என ஐயுற்றனர். சனிக்கிழமைதோறும், அவ்வாரம் குற்றஞ்செய்த பிள்ளைகளைப் பாட்டனார் பிரம்பால் அடித்தல் வழக்கம். சாயமிடுதல் எங்ஙனம் எனக் காணும் ஆசையால், பண்டிகைக்குரிய வெண்ணிற மேசை விரிப்பை நீலச்சாயத் தொட்டியில் இட்ட குற்றத்துக்காகச் சிறுவன் அலெக்சி முதன்முறையாக அச்சனிக்கிழமைச் சடங்குக்கு ஆளானான். எதிர்த்துத் திமிறிய அவனை, நினைவிழக்கும்வரை பாட்டனார் அடித்தார். பல நாள் அவன் நோயாய்க் கிடந்தான்.

அந்நோய்ப் படுக்கையிலே நிகழ்ந்தவை இரண்டு. முதலாவது, சிகனொக் என அழைக்கப்பட்ட இளந்தொழிலாளி ஒருவன் அவனைக் காண வந்தான். குழந்தையாயிருந்தபோது வீட்டுவாயிலில் எவராலோ விடப்பட்டு, பாட்டியாரால் எடுத்து வளர்க்கப்பட்டவன் அவன். அடி விழும்போது அவன் தன் கையை இடையே நீட்டி, பிரம்பின் வேகத்தைத் தன்மேல் தாங்கியிருந்தான். தடித்துச் சிவந்திருந்த அக்கையைச் சிறுவனுக்குக் காட்டிச் சிரித்தான். இரண்டாவது, பாட்டனாரே தின்பண்டங்களுடன் வந்து கட்டிலில் அமர்ந்தார். தாம் அளவு மீறியதை ஒப்புக்கொண்டார். தாமும் இளமையில் எண்ணிறந்த அடி பட்டதைக் கூறினார். பின்னர், படகிழுத்த நாட்களின் கதையைச் சொல்லலானார். வொல்காவின் நீளத்தைத் தம் காலால் அளந்த வரலாறும், இரவிற் கரையில் தீ மூட்டிக் கூலிகள் சமைத்து உண்டு பாடிய வரலாறும் அவர் வாயினின்று பெருகின. கேட்ட சிறுவனுக்கு, தன்னை வதைத்த கிழவர் மறைந்து, துன்பத்தையெல்லாம் தோளிற் சுமந்து நடந்த வேறொரு மனிதர் தோன்றினார். ஒரு மனிதருள் இருவர் வாழ்தல் கூடும் என்னும் உண்மையை, அவன் புத்தகத்தில் அன்று, அக்கட்டிலிற் கற்றான்.

சிறிது காலத்திற்குப்பின் அப்பாட்டனாரே அவனுக்கு எழுத்தும் அறிவித்தார். திருச்சபை வழக்கிலிருந்த பழைய எழுத்துக்களையும் சங்கீதப் புத்தகத்தையும் கொண்டு பாடம் நடந்தது. பேரனின் நினைவாற்றல் கண்டு கிழவர் உள்ளூரப் பெருமிதம் அடைந்தார். இங்ஙனம், பாட்டி செவிவழியாற் கதையையும் பாட்டன் கண்வழியால் எழுத்தையும் வழங்கினர். ஒருவர் அன்பினாலும் மற்றவர் கடுமையினாலும் வழங்கிய அவ்விரண்டுமே பிற்காலத்தில் அவன் பெற்ற முழு முதுசொமாயின.

சிகனொக்கின் முடிவு கொடிது. யாக்கொவ் என்னும் மாமன், தன் அடியால் மாண்ட மனைவியின் கல்லறையில் நாட்டுதற்கென்று, பாரிய சிலுவை ஒன்று செய்வித்திருந்தான். அதனைச் சுமந்து செல்கையில் சிகனொக் இடறி விழுந்தான். உடன் சுமந்த மாமன்மார் இருவரும் தாம் தப்ப விலகிக்கொண்டனர். சிலுவை அவனை நசுக்கிற்று. பிறரின் அடியைத் தன் கையில் ஏற்றவன், பிறர் விட்ட பாரத்தைத் தன் முதுகில் ஏற்று மாண்டான். தொழிற்சாலை தீப்பற்றிய இரவில், எல்லாரும் அஞ்சி நின்றபோது பாட்டியார் ஒருவரே கோணியைப் போர்த்துக்கொண்டு உட்புகுந்து, வெடிக்கக்கூடிய திராவகப் போத்தலைக் கையில் ஏந்தி வெளியே வந்தார். இவற்றையெல்லாம் சிறுவன் தன் கண்ணாற் கண்டான்.

காணாத ஒன்றையும் அவன் பாட்டியார் வாயிலாக அறிந்தான். அவன் பிறந்த பின்னர், பனிக்காலத்து ஓரிரவில், மாமன்மார் இருவரும் அவன் தந்தையை உறைந்த குளத்துக்கு அழைத்துச் சென்று, பனிக்கட்டியில் வெட்டியிருந்த துளையுள் தள்ளினர். விளிம்பைப் பற்றிய அவர் விரல்களைக் காலால் மிதித்தனர். இறந்தொழிவார் என எண்ணி அவர்கள் அகன்றபின், தந்தையார் எவ்வாறோ கரையேறி உயிர் தப்பினார். பொலிசார் வந்து வினவியபோது, தாமே தவறி விழுந்ததாகக் கூறி, மைத்துனரைக் காட்டிக்கொடாது காத்தார். இக்கதையைப் பேரனுக்குச் சொன்னவர் யார் என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கொலை செய்யத் துணிந்தவர் அப்பாட்டியாரின் வயிற்றிற் பிறந்த மக்கள். கேட்டிருந்தவன் கொலைக்குத் தப்பியவரின் மகன். மக்களின் குற்றத்தை அவர் மறைத்தாரல்லர், மறவாது சொன்னார். ஆயினும், வன்மம் வளரச் சொல்லாது, மருமகனின் பெருந்தன்மை விளங்கச் சொன்னார். உண்மையைக் கூறுதல் வேறு, பழியைத் தூற்றுதல் வேறு என்பதை எழுத்தறியாத அம்மூதாட்டி அறிந்திருந்தார்.

கஷிரின் குடும்பத்தின் செல்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. சொத்துப் பிரிந்தது, தொழில் நொடித்தது, பாட்டனார் வீடுகளை விற்று விற்று, இறுதியிற் குனாவினோவில் ஒண்டுக் குடியிருந்தார். நாற்பதாண்டு மணவாழ்க்கைக்குப்பின் மனைவியோடு கணக்குப் பிரித்துக்கொண்டார். ஒருநாட் சமையல் அவர் செலவு. மறுநாட் சமையல் பாட்டியார் செலவு. தேநீருக்கு இடும் தேயிலையையும் இருவர் பங்கும் சமமாயுளவோ என உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பாட்டியார் சிரித்துக்கொண்டே ரேந்தை பின்னித் தம் பங்கைச் செலுத்தினார். தாய் வர்வாராவோ மறுமணம் செய்து, அம்மணத்திலும் இன்பங் காணாது, சயரோகத்தால் மெலிந்து வந்தாள்.

முப்பதாண்டுக்கு மேலாகச் சாயத்தொட்டியின் மீது குனிந்து பார்வை கெட்ட கிரிகொரி என்னும் முதிய தொழிலாளியின் கதையையும் இங்குக் கூறல் வேண்டும். உழைக்க இயலாத நிலையில் அவர் வீதியில் விடப்பட்டார். மூதாட்டி ஒருத்தி கைப்பிடித்து நடத்த, வீடுதோறும் சென்று இரந்தார். அவர் வரும்போதெல்லாம் சிறுவன் அலெக்சி நாணத்தால் ஓடி ஒளிந்தான். பாட்டியார் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இம்மனிதரின் பொருட்டு இறைவன் தம் குடும்பத்தைக் கடுமையாகத் தண்டிப்பான் என்று மட்டும் சொன்னார். அச்சொல் பொய்க்கவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின், சங்கத் தலைவராயிருந்த வசீலி கஷிரினே அறிவு மயங்கி, அதே நகரத்து வீதிகளிற் பலகணிதோறும் நின்று உணவு கேட்டுத் திரிந்தார்.

பத்து வயதுச் சிறுவன் தானும் உழைக்கலானான். விடியற்காலையில் எழுந்து, சாக்கினைத் தோளிலிட்டு, வீதிகளிலும் முற்றங்களிலும் கந்தலும் எலும்பும் கடதாசியும் ஆணியும் பொறுக்கிக் கந்தல் வியாபாரியிடம் விற்றான். ஒக்கா நதியின் மணற்றீவிலிருந்த மரக்கிடங்குகளில் தோழரோடு சேர்ந்து பலகை திருடியதையும் அவர் பின்னாளில் மறைக்கவில்லை. அத்தோழருள் ஒருவன் வியாகிர் என்பவன். மதுவுக்குப் பணம் கொண்டு வாராவிடில் அவனைத் தாய் அடிப்பாள். ஆகவே, ஏனைய சிறுவர்கள் தத்தம் சம்பாத்தியத்திற் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவனை அடியினின்றும் காத்தனர். சட்டத்தின் கண்ணுக்குத் திருடர்களாய்த் தோன்றும் அப்பிள்ளைகள் தம்முள் ஓர் அறத்தை வைத்திருந்தனர்.

இனி, பாடசாலையைப் பற்றிக் கூறுவோம். முதன்முறை சிறிது காலம் கற்றபோது வைசூரி கண்டு படிப்பு நின்றது. இரண்டாம் முறை குனாவினோப் பாடசாலைக்குச் சென்றான். தாயின் சப்பாத்தும், பாட்டியாரின் பழைய சட்டையை வெட்டித் தைத்த மேலங்கியும், மஞ்சள் நிறச் சட்டையுமாய் வந்த அவனைக் கண்டு வகுப்பு நகைத்தது. ஆசிரியருக்கும் சமயபாடம் புகட்டிய குருவானவருக்கும் அவன்பால் விருப்பமில்லை. அவனுடைய குறும்பும் அதற்கு ஒரு காரணமாகும். வீட்டுக்கு அனுப்பிவிடும் எல்லைக்கு நிலைமை வந்துற்றது.

அவ்வேளையில் ஒருநாள் மேற்றிராணியார் கிறிசாந்து என்பவர் பாடசாலையைப் பார்வையிட வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து உரையாடினார். அலெக்சியின் முறை வந்தபோது, அவனுக்குத் தெரிந்த சமயக் கதைகளைச் சொல்லுமாறு கேட்டார். பாடப்புத்தகம் வாங்க வகையற்ற அச்சிறுவன் வாய் திறந்தான். பாட்டனார் கற்பித்த சங்கீதங்களும், பாட்டியார் சொல்லித் தந்த துறவியர் செய்யுட்களும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மேற்றிராணியார் வியந்து கேட்டிருந்து, அவன் எவரிடம் கற்றான் என்று வினவினார். பாட்டன் நல்லவரா கொடியவரா என்றும் கேட்டறிந்தார். குறும்பு செய்யும் காரணத்தையும் அன்போடு உசாவி, பொறுமையாயிருக்குமாறு தனித்துச் சொல்லிச் சென்றார். அன்று முதல் அவனை வெளியேற்றும் பேச்சு எழவில்லை. உடையும் கொப்பியும் காவாத பிள்ளையை, வீட்டில் கேட்ட கதை காத்தது.

எனினும், சகபாடிகளின் ஏளனம் ஒழியவில்லை. அவன் கந்தல் பொறுக்குபவன் என்றும், குப்பை நாற்றம் வீசுவதால் அவனருகே அமர இயலாதென்றும் ஆசிரியரிடம் முறையிட்டனர். பாடசாலைக்கு வருமுன் காலைதோறும் உடலைத் தேய்த்துக் கழுவி, பொறுக்கும்போது அணியாத உடையையே உடுத்து வந்த சிறுவனுக்கு அச்சொல் எவ்வளவு ஆழமாய்த் தைத்தது என்பதை, முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அவர் மறவாது எழுதியதிலிருந்து அறியலாம். பழைய மாணவர் மலரொன்றில் இதனை எழுதுதற்குக் காரணம் உண்டு. நாம் அமர்ந்த வாங்குகளிலும், நம்மருகே அமர விரும்பாது நாம் ஒதுக்கிய ஒருவன் இருந்திருத்தல் கூடும். அவன் பெயரை நாம் மறந்திருப்போம். அவன் நம் பெயரை மறந்திரான்.

1878ஆம் ஆண்டு அவ்வகுப்பில் நன்கு தேறியமைக்காக அவனுக்கு நற்சான்றுப் பத்திரமும் புத்தகங்களும் பரிசாகக் கிடைத்தன. வீடு சென்றபோது பாட்டியார் கையிற் காசின்றி நோயுற்றுக் கிடந்தார். பரிசுப் புத்தகங்களைக் கடையொன்றில் 55 கொப்பேக்குக்கு விற்று, அப்பணத்தைப் பாட்டியார் கையிற் கொடுத்தான். சான்றுப் பத்திரத்தைக் குறும்பான சொற்களை எழுதிக் கெடுத்துப் பாட்டனாரிடம் நீட்டினான். கிழவர் அதனை விரித்தும் பாராமல், பெருமையோடு பெட்டியுள் வைத்துப் பூட்டினார். இதுவே கோர்க்கி தம் வாழ்நாளிற் பெற்ற ஒரே பாடசாலைப் பரிசு. புத்தகத்தின் பெறுமதி அறியாது விற்றான் என எவரும் எண்ணற்க. அவற்றினும் பெரிய புத்தகம் படுக்கையிற் கிடந்தமையால் விற்றான்.

1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாய் இறந்தாள். சில நாட்களுள் பாட்டனார், இனித் தம் கழுத்திற் பதக்கமாய்த் தொங்கவிட்டுப் பேண இயலாதென்று கூறி, பதினொரு வயதுப் பேரனை உலகத்துள் உழைத்துப் பிழைக்குமாறு அனுப்பினார். சப்பாத்துக் கடையில் ஏவலாளாகவும், உறவினரான வரைபடக்காரர் வீட்டில் எடுபிடியாகவும், திருவுருவப் படம் எழுதும் பட்டறையில் உதவியாளாகவும் அலெக்சி உழைத்தான். ‘தோப்ரி’ என்னும் நீராவிக் கப்பலில் கோப்பை கழுவும் வேலையும் பார்த்தான். அக்கப்பலின் சமையற்காரர் ஸ்முரி என்னும் முன்னாட் படைவீரர், ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். அவற்றை உரத்து வாசிக்குமாறு சிறுவனைப் பணித்து, அவன் வேலையைப் பிறர்மேற் சுமத்தியும் வாசிப்பித்தார். செவிவழி வந்த கதை நேசம் அங்கே புத்தக நேசமாய் மலர்ந்தது.

இடையிடையே வேலையின்றி வீடு திரும்பும்போது, பாட்டியாரோடு காட்டுக்குச் சென்று காளானும் மூலிகையும் சேகரித்தான். சில இரவுகளிற் பாட்டியார் அவனை அழைத்துக்கொண்டு ஏழைகளின் தெருக்களில் நடப்பார். உறங்கும் வீடுகளின் பலகணி விளிம்பிற் சில செப்புக்காசும் தின்பண்டமும் ஓசையின்றி வைத்துவிட்டு நகர்வார். கொடுத்தவர் யாரெனப் பெற்றவர் அறியார். இரந்து வளர்ந்த பெண், தாம் வறியராயிருந்துகொண்டே இரகசியமாய் ஈந்த காட்சி, எந்தப் பிரசங்கத்தாலும் ஊட்ட முடியாத பாடத்தை அவன் உள்ளத்தில் ஊட்டிற்று.

1884இல், பதினாறு வயதில், சர்வகலாசாலையிற் கற்கலாம் என்னும் நம்பிக்கையோடு கசான் நகருக்குச் சென்றார். பொருளற்றவருக்கு அவ்வாயில் திறக்கவில்லை. துறைமுகத்திற் சுமை சுமந்தார். பாண் வேகவைக்கும் நிலவறைகளில் மா பிசைந்தார். 1887ஆம் ஆண்டு பாட்டியார் இறந்த செய்தி, அடக்கம் நடந்து ஏழு வாரத்தின் பின், கடித மூலம் அவரை அடைந்தது. கோவில் வாயிலில் இரந்து நின்றபோது விழுந்து கால் முறிந்து, உரிய வைத்தியமின்றி மூதாட்டி இறந்தார் என அதில் எழுதியிருந்தது. உடல்வலிமை மிக்க பேரப்பிள்ளைகள் அவர் இரந்து கொணர்ந்ததை உண்டு வாழ்ந்தனர் என்பதையும் பின்னர் அறிந்தார். தமக்குக் கதை சொன்னவரின் கதையை எவரிடமாவது சொல்ல வேண்டுமென நெஞ்சு துடித்தது. கேட்பார் ஒருவரும் இலர். பல ஆண்டு கழித்து, மகனை இழந்த வண்டிக்காரன் ஒருவன் தன் துயரைக் குதிரையிடம் சொல்வதாகச் செக்கோவ் எழுதிய கதையைப் படித்தபோது, அந்நாளில் தமக்கு ஒரு குதிரைதானும் இல்லையே என அவர் வருந்தினார். அவ்வாண்டின் இறுதியில் மனமுடைந்து தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தெய்வாதீனமாய் உயிர் பிழைத்தார். அச்செயலை எண்ணிப் பின்னர் நாணினார்.

சொல்லக் கேட்பாரற்ற அக்கதைகளைச் சுமந்துகொண்டு, 1891இல் கால்நடையாகத் தென்ருஷியா முழுவதும் சுற்றித் திபிலிசு நகரை அடைந்தார். அங்கே புகைவண்டிப் பட்டறையில் வேலைசெய்தபோது, நண்பர் ஒருவரின் தூண்டுதலால் எழுதிய ‘மக்கார் சூத்ரா’ என்னும் கதை 1892ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நகரப் பத்திரிகையில் வெளியாயிற்று. கதையின் கீழ் இட்ட பெயர் மாக்சிம் கோர்க்கி. மாக்சிம் என்பது தம்மைக் காக்க உயிர்நீத்த தந்தையின் பெயர். கோர்க்கி என்பதற்குக் கசப்பு என்பது பொருள். அப்பெயரிலேயே தந்தைக்குச் செய்த கடனும் பட்ட துன்பமும் ஒருங்கே அடங்கின.

புகழ் விரைந்து வந்தது. 1898இல் கதைத்தொகுதிகள் வெளிவந்தன. 1902இல் அவருடைய நாடகம் மொஸ்கோ கலை அரங்கில் ஏறிற்று. பிறந்த நகரிலே வீடற்ற கூலிகள் அமர்ந்து இளைப்பாறத் தேநீர்ச்சாலை அமைப்பதில் முன்னின்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு நத்தார் விழா எடுத்து உடையும் உணவும் வழங்கினார். சோர்மோவோத் தொழிலாளர் 1902ஆம் ஆண்டு மே தினத்தில் நடத்திய ஊர்வலமும், அதில் முன்னின்ற ஒரு தொழிலாளியின் தாயும் ‘தாய்’ நவீனத்துக்கு வித்தாயினர். எனினும், அவருள்ளத்தில் நெடுநாள் கிடந்த கதை வேறு. அதனை 1913இல் எழுதி வெளியிடலானார். ‘குழந்தைப் பருவம்’ என்னும் அந்நூலைத் தொடர்ந்து உலகில் உழைத்த பருவத்தையும், 1923இல் கசான் வாழ்வையும் எழுதி முடித்தார். இத்துணைக் கொடுமைகளை நினைவுகூர்தல் தகுமோ என அந்நூலில் அவரே வினவுகின்றார். தகும் என்பதே அவர் விடை. தீமையின் வேரை அறிந்தாலன்றி அதனைக் களைதல் இயலாது என்பதும், அத்தனை தீமைக்கு நடுவிலும் நன்மை முளைத்தெழுதலே வியப்பு என்பதும் அவர் கூறும் காரணங்கள். குளத்துத் துளையின் கதையை மறையாது சொன்ன பாட்டியாரின் குரல் அன்றோ இது!

வரலாறு கூறுவோர் குறையையும் கூறுதல் கடன். முதுமையில் கோர்க்கி சோவியத் அரசின் பெருமதிப்புக்குரியவராயினார். 1929இல் சொலவெத்ஸ்கித் தீவுச் சிறைமுகாமைப் பார்வையிட்டு அதனைப் புகழ்ந்தெழுதினார். கைதிகளின் கட்டாய உழைப்பால் வெட்டப்பட்ட வெண்கடற் கால்வாயைப் போற்றி 1934இல் வெளிவந்த நூலின் பதிப்பாசிரியருள் ஒருவராயும் இருந்தார். தம் வீட்டின் பிரம்பை மறையாது காட்டியவர், நாட்டின் பிரம்பைக் கண்டும் வாய்திறவாது போயினார். சொந்த வீட்டின் குற்றத்தைச் சொல்வது அரிது. நம்மைப் போற்றும் பெருவீட்டின் குற்றத்தைச் சொல்வது அதனினும் அரிது போலும். 1936ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி அவர் காலமானார். 1932இல் அவர் பெயர் சூட்டப்பெற்ற நகரம் 1990இல் தன் பழம்பெயரை மீளப் பெற்றது. ஊர்ப்பெயர் வரும், போகும். நகரத்துச் சரிவொன்றில் நிற்கும் கஷிரின் வீடோ 1938 முதல் நினைவாலயமாய்ப் பேணப்பட்டு வருகிறது.

ஒரு கலாசாலையின் மகோற்சவ மலரிலே, கலாசாலை வாயிலால் உட்புகாத ஒருவரின் வரலாறு எதற்கு எனச் சிலர் கேட்கலாம். நம் மாணவர் வெறுங்கையராய்ப் பாடசாலைக்கு வருவதில்லை. அம்மம்மா சொன்ன கதை, பாட்டனார் பட்ட பாடு, தந்தையார் தொழிலின் சொல்வளம் ஆகியவற்றைச் சுமந்தே வருகின்றனர். உடுப்பைப் பாராது அச்சுமையைக் கேட்டறிந்தவர் அந்த மேற்றிராணியார் ஒருவரே. ஆசிரியராகிய நாம் அவ்வாறு கேட்போமாக. மாணவரும் பழைய மாணவரும், வீட்டு மூத்தோர் உயிரோடிருக்கும்போதே அவர் அருகமர்ந்து, இனிய கதையோடு கசந்த கதையையும் கேட்டு வைப்பீர்களாக. கேட்பாரின்றிப் போகும் கதை, சொல்வாரோடு மண்ணுள் மறையும். கேட்கப்பட்ட கதையோ, வொல்காக் கரையின் எழுத்தறியா மூதாட்டியின் கதைபோல, கடல்கடந்து நம் கலாசாலை வரை வந்து சேரும்.